இரண்டாவது மூக்கு அறுவை: இந்த மே மாதம் வேண்டாம்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 28. கோத்தகிரியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து மூக்கில் அடிபட்டது. அன்றிலிருந்து மூக்கின் நடுவில் ஒரு மேடு, இடது பக்கம் கொஞ்சம் சாய்வு. போன வருஷம் மே விடுமுறையில் மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில் ரினோபிளாஸ்டி, அதாவது மூக்கைச் சீரமைக்கும் அறுவை, செய்துகொண்டேன். மேட்டைச் செதுக்கி, இரண்டு துளைகளுக்கும் நடுவில் சுவர் போல உள்ள வளைந்த தண்டையும் சரி செய்ததாகச் சொன்னார்கள்.

பத்து மாதம் ஆகிவிட்டது. மேடு போய்விட்டது. ஆனால் மூக்கின் நடுவில் வலது ஓரமாக ஒரு பள்ளம் தெரிகிறது. நுனி கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது. மூச்சு முன்பைவிட மோசம். பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கு மேடு ஏறும்போது வலது பக்கம் உள்ளே ஒட்டிக்கொள்கிறது, வாயால்தான் மூச்சு விடுகிறேன். நான்கு மாதமாக இரவில் சொட்டு மருந்து விட்டால்தான் தூக்கம் வருகிறது. கூடவே தைலமும் தடவுகிறேன்.

தை மாதம் நிச்சயதார்த்தம் முடிந்தது. ஆவணியில் கல்யாணம். நிச்சயதார்த்த போட்டோவைப் பார்த்துவிட்டு அம்மா, "மூக்கும் முழியுமா இருந்த பொண்ணு, காசு கொடுத்து கெடுத்துக்கிட்டியே" என்று அழுதார். முதலில் செய்த டாக்டர் இன்னும் பொறுக்கச் சொல்கிறார். வேறொரு கிளினிக்கில் வரும் மே மாதமே மறுபடி செய்துவிடலாம், அதுவரை பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். மூக்கில் சிலிக்கோன் ஏதாவது வைத்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் என்ன செய்யட்டும்? கல்யாணத்துக்குப் பாட்டியின் மூக்குத்தியைப் போட ஆசை. அதுவும் முடியாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவன். அறுவை செய்வது கோவையில், மாதம் இரண்டு சனிக்கிழமை மேலே வந்து நோயாளிகளைப் பார்க்கிறேன். நீங்கள் ஏறும் அந்த மலைச் சாய்வும், வாங்கும் மூச்சும் எனக்குத் தெரிந்தவை. உங்கள் மூக்கை நான் நேரில் பார்க்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இரண்டாவது அறுவை தேவைப்படலாம். ஆனால் இந்த மே மாதம் வேண்டாம். ஃபில்லர் ஊசி எப்போதுமே வேண்டாம். இன்று இரவே நீங்கள் கவனிக்க வேண்டியது சொட்டு மருந்தை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகைச் சொட்டுகள் மூக்கின் உட்தோலில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. பத்து நிமிடத்தில் அடைப்பு விலகும். ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து விட்டால் அதே குழாய்கள் மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாக வீங்கும். அந்த வீக்கத்துக்கு மறுபடி மருந்து, அதனால் மறுபடி வீக்கம். நீங்கள் நான்கு மாதமாக விடுகிறீர்கள். உங்கள் மூச்சடைப்பில் எவ்வளவு அறுவையால் வந்தது, எவ்வளவு சொட்டு மருந்தால் வந்தது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, நேரில் பார்த்தாலும்கூட. இந்த நிலையில் ஒருவர் உங்கள் மூக்கைத் திறந்தால், எதைச் சரி செய்கிறோம் என்று தெரியாமலே திறக்கிறார் என்று அர்த்தம்.

பக்கத்தில் உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், சொட்டு மருந்து பழகிவிட்டது, நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கு வழி உண்டு. பெரும்பாலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஒன்று எழுதித் தருவார்கள். அது உடனே திறக்காது, நாள் எடுக்கும். முதல் ஒரு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொட்டை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் திறந்த பிறகு மறுபக்கத்துக்கும் நிறுத்தினால் இரவில் தூக்கம் முழுதாகக் கெடாது. தலையணையை உயர்த்தி வையுங்கள். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்லது, ஆனால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் மட்டும். நம் ஊரில் ஊற்றுத் தண்ணீர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவோம். குடிக்க அது எவ்வளவு ருசியாக இருந்தாலும் காய்ச்சாமல் மூக்குக்குள் விட வேண்டாம். காய்ச்சாத தண்ணீரில் இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் தைலம். நீலகிரிக்காரர்களிடம் யூகலிப்டஸ் தைலத்தைக் குறை சொல்வது கஷ்டம், எங்கள் வீட்டிலும் பாட்டி தலைமாட்டில் ஒரு பாட்டில் இருக்கும். ஆனால் தைலமும் மெந்தாலும் மூக்கை அகலமாக்குவதில்லை. உள்ளே குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் காற்று நிறையப் போவது போலத் தோன்றுகிறது. கருவி வைத்து அளந்தால் காற்றின் அளவு மாறியிருக்காது. நெஞ்சில் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூக்குத் துளைக்குள் எண்ணெய் விடுவது நுரையீரலுக்கு நல்லதல்ல. அதோடு, குளிர்காலத்தில் அறைக்குள் கரி அடுப்பு மூட்டும் பழக்கம் வீட்டில் இருந்தால் நீங்கள் படுக்கும் அறையில் வேண்டாம். அந்தப் புகை மூக்குக்கும் ஆகாது, மூடிய அறையில் உயிருக்கும் ஆகாது.

சொட்டு மருந்தை விட்டு ஆறு வாரம் கழித்தும் மேடு ஏறும்போது வலது பக்கம் ஒட்டுகிறது என்றால், அது அமைப்பில் உள்ள குறை. எனக்கு அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

மூக்கின் மேல்பகுதி எலும்பு. நடுப்பகுதியும் நுனியும் குருத்தெலும்பு. நடுப்பகுதியில் ஒரு கூரை போல இரண்டு பக்கக் குருத்தெலும்புகள் நடுத்தண்டின் மேல் விளிம்பில் சேர்ந்திருக்கின்றன. அவை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள கோணம் 10 முதல் 15 டிகிரிதான் இருக்கும். மூக்குக்குள் காற்று போகும் பாதையிலேயே மிகக் குறுகலான இடம் அது. அதை வால்வு என்று சொல்கிறோம். மேட்டைச் செதுக்கும்போது இந்தக் கூரையின் உச்சி வெட்டுப்படுகிறது. வெட்டிய பிறகு பக்கங்களைப் பிடித்து நிறுத்தும்படி ஒன்றும் செய்யாமல் விட்டால், மாதக்கணக்கில் அவை மெல்ல உள்ளே சரியும். சரிந்த பக்கம் வெளியிலிருந்து பார்த்தால் பள்ளம். உள்ளிருந்து பார்த்தால் அடைப்பு. உங்கள் பள்ளமும் வலது பக்கம், ஒட்டிக்கொள்வதும் வலது பக்கம். அழகுக் குறை ஒன்று, மூச்சுக் குறை ஒன்று என்று நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே காரணத்தால் வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நீங்கள் கணக்கு ஆசிரியை, இது உங்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு சீரான குழாயில் ஆரத்தைப் பாதியாகக் குறைத்தால் எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. மூக்கு சீரான குழாய் அல்ல, ஆனாலும் போக்கு அதுதான். ஒரு மில்லிமீட்டர் சரிவைக் கண்ணால் பார்த்தால் ஒன்றுமில்லாதது போல இருக்கும், மூச்சுக்கு அது பெரிய விஷயம். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிறந்ததிலிருந்து அங்கே இருக்கும் உடம்பு அதற்குப் பழகியிருக்கும். ஆனால் சாய்வு ஏறும்போது வேகமாக உள்ளிழுக்க வேண்டியிருக்கிறது. காற்று வேகமாகப் போகும் இடத்தில் அழுத்தம் குறையும், பலமில்லாத சுவர் உள்ளே இழுபடும். மெல்லிய ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சினால் அது நடுவில் ஒட்டிக்கொள்கிறதே, அதேதான்.

இதை நீங்களே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, வலது கன்னத்தை மூக்கோரமாக விரலால் காதுப் பக்கம் மெல்ல இழுத்துப் பிடித்து மூச்சை இழுங்கள். சட்டென்று திறக்கிறதா? இன்னொன்று, மூக்கின் மேல் குறுக்காக ஒட்டும் ஸ்ட்ரிப் மருந்துக்கடையில் கிடைக்கும். நான்கைந்து இரவு ஒட்டிப் படுத்துப் பாருங்கள். இரண்டிலும் நல்ல மாற்றம் தெரிந்தால் வால்வுதான் குற்றவாளி என்பதற்குப் பலமான அடையாளம். கன்னத்தை இழுத்தால் மூக்கு நன்றாக இருக்கும் சிலருக்கும் கொஞ்சம் மூச்சு கூடும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். எண்டோஸ்கோப்பி செய்து, அதாவது மெல்லிய கேமராக் குழாயை மூக்குக்குள் விட்டு, தண்டில் மிச்ச வளைவு உண்டா, ஓட்டை விழுந்திருக்கிறதா, தழும்பு இரண்டு சுவரையும் ஒட்டவைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஸ்ட்ரிப் உதவினால் கல்யாணம் வரை இரவுகளுக்கு அதுவே போதும், பழக்கமாகிவிடும் என்ற பயம் இல்லை.

சரி, ஏன் இந்த மே மாதம் வேண்டாம்?

முதல் அறுவைக்குப் பிறகு வீக்கத்தின் பெரும்பகுதி மூன்று மாதத்தில் வடிந்துவிடும். மிச்சம் வடிய ஒரு வருஷம் ஆகும், நுனியில் மட்டும் இன்னும் தாமதமாகும். தோல் தடித்த மூக்கென்றால் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகலாம். உங்கள் நுனி இன்னும் கல் போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தழும்பு இன்னும் இளகவில்லை என்று உங்கள் மூக்கே சொல்கிறது. இளகாத தழும்புக்குள் கத்தி வைத்தால் எது தோல், எது குருத்தெலும்பு என்று பிரியாது, ரத்தம் அதிகம் வரும். இன்று அளந்து வைக்கும் அளவும் ஆறு மாதம் கழித்துத் தப்பாகிவிடும், ஏனென்றால் நாம் அளந்தது வீக்கத்தை. முதல் டாக்டர் பொறுங்கள் என்று சொன்னதை நழுவல் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த ஆரம்ப வருஷங்களில் ஒரு இளைஞர் வந்தார். வேறிடத்தில் அறுவை செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வெளிநாட்டு வேலை, விசா வந்துவிட்டது, போவதற்குள் செய்துவிடுங்கள் என்று கெஞ்சினார். நான் இளகிவிட்டேன். உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கருங்கல் போல இருந்தது. முடிந்ததைச் செய்தேன். ஒரு வருஷம் கழித்து நுனி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மூன்றாவது முறை விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்துத்தான் நிமிர்த்த வேண்டியதாயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் எனக்கு உறுத்தல். அதற்குப் பிறகு ஒரு தேதிக்காக நான் கத்தியை எடுத்ததில்லை.

உங்கள் விஷயத்தில் தேதிக் கணக்கும் உதவாது. மே மாதம் செய்தால் ஆவணியில் மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். திருத்த அறுவையில் வீக்கம் முதல் முறையைவிட மெதுவாக வடியும். கல்யாண போட்டோவில் இன்றைய மூக்கைவிட வீங்கிய மூக்கோடு நிற்பீர்கள். அதைத்தானே தவிர்க்க நினைக்கிறீர்கள்?

காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மூக்கின் மேல் தோல் சிவந்து பளபளவென்று மெலிவது, வலியோடு வீங்குவது, சீழ் வருவது, உள்ளிருந்து ஏதோ தள்ளிக்கொண்டு வருவது போலத் தெரிவது. இதில் எது வந்தாலும், முக்கியமாக உள்ளே சிலிக்கோன் இருந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஃபில்லர் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. ஊசி மருந்து தவறிக் குழாய்க்குள் போனால் மூக்குத் தோல் கருகி உதிரலாம், பார்வையே போகலாம். அறுவை செய்யாத மூக்கிலேயே இந்த ஆபத்து உண்டு. அறுவை செய்த மூக்கில் குழாய்கள் தழும்பில் சிக்கி இடம் மாறியிருக்கும், மாற்றுப் பாதைகள் குறைந்திருக்கும், அதனால் ஆபத்து கூடுதல். பள்ளத்தை நிரப்பினாலும் உள்ளே சரிந்த சுவர் நிமிராது, மூச்சு ஒரு இழைகூடக் கூடாது. பத்து மாதத்து மூக்கில் ஃபில்லர் போடலாம், மே மாதம் திறக்கலாம் என்று ஒரே மூச்சில் சொல்லும் இடத்துக்குத் தயவுசெய்து மறுபடி போகாதீர்கள்.

இரண்டாவது அறுவையைப் பற்றி எல்லோருக்கும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. முதலில் சரியாகச் செதுக்கவில்லை, இப்போது இன்னும் கொஞ்சம் செதுக்கிச் சரி செய்வார்கள் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது செதுக்கும் வேலை அல்ல. எடுத்ததைத் திருப்பி வைத்துக் கட்டும் வேலை. நம் நாட்டில் மூக்கு அறுவை தொடங்கியதே அப்படித்தான். பழங்கால அறுவை மருத்துவர் சுசுருதர் காலத்திலிருந்து அறுபட்ட மூக்கைக் கட்டுவதுதான் வைத்தியம். திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலேயர் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கறுபட்டார். புனே பக்கத்து வைத்தியர் ஒருவர் அவருடைய நெற்றித் தோலைத் திருப்பி இறக்கி மூக்கைக் கட்டிக் கொடுத்தார். அந்தச் செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்த பிறகுதான் மேல்நாட்டு மருத்துவர்கள் அதைச் செய்து பார்க்கத் தொடங்கினார்கள். நம் மொழியிலும் அவமானப்படுவதற்கு மூக்கறுபடுவது என்றுதானே சொல்கிறோம். உங்கள் அம்மாவின் அழுகையை நான் அந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். அவர் உங்களைக் குற்றம் சொல்லவில்லை, பயந்திருக்கிறார்.

கட்டுவதற்குச் சாமான் வேண்டும். முதல் தேர்வு, மூக்கின் நடுத்தண்டிலேயே மிச்சமிருக்கும் குருத்தெலும்பு. அதிலிருந்து மெல்லிய பட்டை எடுத்து, தண்டுக்கும் சரிந்த பக்கத்துக்கும் நடுவில் ஆப்பு போலச் செருகித் தைத்தால் கூரை மறுபடி விரியும். ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே தண்டைச் சரி செய்திருக்கிறார்கள். முன்னும் மேலும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலச் சட்டத்தை விட்டுவிட்டுத்தான் எடுக்க முடியும், இல்லையென்றால் மூக்கே அமிழ்ந்துவிடும். மிச்சம் இல்லையென்றால் அடுத்தது காது. காதுக் குழிவிலிருந்து எடுப்பார்கள், தையல் காதுக்குப் பின்னால் மறைந்துவிடும், காதின் உருவம் பெரும்பாலும் மாறாது. வளைந்த குருத்தெலும்பு என்பதால் மூக்கு மடலுக்குப் பொருத்தம். நிறையத் தேவைப்பட்டால் விலா. பெண்களுக்கு மார்புக்குக் கீழ் மடிப்பில் சின்னத் தழும்பு வரும், ஒன்றிரண்டு வாரம் இருமினால் வலிக்கும், நுரையீரல் உறையில் துளை விழும் சிறிய ஆபத்து உண்டு, வைத்த துண்டு பின்னாளில் வளையவும் கூடும். உங்கள் ஒரு பக்கப் பள்ளத்துக்கு விலா தேவைப்படாது என்பது என் ஊகம். உள்ளே பார்த்த பிறகுதான் யாரும் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த ஊகத்தைக் குறைக்க ஒரே ஒரு காகிதம் உதவும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட்ஸ் வேண்டும். எவ்வளவு செதுக்கினார்கள், தண்டில் எவ்வளவு எடுத்தார்கள், வெளியிலிருந்து ஏதாவது வைத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். மூன்று ஆண்டுகள் வரை அவற்றை வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. சண்டை போடும் தொனியில் கேட்க வேண்டாம். அடுத்து யாரிடம் போனாலும் இது தேவைப்படும் என்று சொன்னால் போதும். அறுவைக்கு முன் எடுத்த போட்டோக்களையும் கேட்டு வாங்குங்கள். பல சமயம் பழைய படத்தைப் பார்த்த பிறகுதான், அடியால் வந்த சாய்வு எவ்வளவு, அறுவையால் வந்தது எவ்வளவு என்று நோயாளிக்கே புரிகிறது.

போட்டோ என்றதும் இன்னொன்று. போனை ஒரு அடி தூரத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும். லென்ஸுக்கு மிக அருகில் இருப்பது மூக்குதான் என்பதே காரணம். தினமும் செல்ஃபியில் பள்ளத்தை அளந்துகொண்டிருந்தால் நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஐந்தடி தள்ளி நின்று வேறொருவர் எடுக்கட்டும். நேர், இரண்டு பக்கவாட்டு, கீழிருந்து ஒன்று. ஒரு வருஷம் கழித்து உங்கள் சர்ஜனுக்கு அந்தப் படங்கள் தங்கம்.

எப்போது என்றால், அடுத்த வருஷம் மே விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அறுவைக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கும், உங்களுக்கு லீவும் கிடைக்கும், வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரியும் மாதங்களும் அல்ல. கல்யாணம் ஆகியிருக்கும் என்பதால் இதையும் கணக்கில் எடுங்கள்: கர்ப்ப காலத்தில் பல பெண்களுக்கு மூக்கு தானாகவே அடைக்கும், அவசரமில்லாத அறுவையை அப்போது செய்ய மாட்டார்கள். குழந்தை முதலிலா, மூக்கு முதலிலா என்று நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எது முதலில் என்றாலும் மூக்குக்கு நஷ்டம் இல்லை. மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். என் முன்னால் உட்கார்ந்து, கணவருக்குத் தெரியாமல் செய்ய முடியுமா என்று கேட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் முகத்தில் கட்டோடு இருக்க வேண்டிய ஒரு விஷயத்தை அப்படித் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

சர்ஜனைத் தேடும்போது காது மூக்கு தொண்டை மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா என்பது பெரிய கேள்வி அல்ல. திருத்த அறுவையைத் தொடர்ந்து செய்பவரா என்பதுதான் கேள்வி. ஒரு வருஷத்தில் எத்தனை திருத்த அறுவை செய்கிறீர்கள், ஒரு வருஷம் கழித்து எடுத்த படங்களைக் காட்டுவீர்களா, என் மூச்சை எப்படி அளந்து பார்ப்பீர்கள், விலா தேவைப்பட்டால் நீங்களே எடுப்பீர்களா என்று நேராகக் கேளுங்கள். நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட மாட்டார். நூறு சதவீதம் சரியாகிவிடும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மூச்சு நன்றாகத் தேறும், பள்ளம் பெரும்பாலும் நிரம்பும், ஆனால் அடிபடுவதற்கு முந்தைய மூக்கு திரும்பாது. இந்த அளவுக்கு உங்கள் மனம் சம்மதிக்கிறதா என்று அப்போது உங்களையே கேட்டுப் பாருங்கள். சம்மதித்தால் செய்துகொள்ளுங்கள்.

செலவு விஷயத்தில், அழகுக்கான அறுவைக்குக் காப்பீடு கிடையாது. விபத்துக்குப் பின் சீரமைப்பு என்றால் விதிவிலக்கு உண்டு. சிறு வயதில் அடிபட்டதும், இப்போது மூச்சடைப்பு இருப்பதும் மருத்துவர் கைப்பட எழுதிய ஆவணத்தில் இருக்கட்டும். முன் அனுமதி கேட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு தேதி குறியுங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அறுவை முடிந்த மறுநாளே காரில் ஏறிக் கோத்தகிரிக்கு வராதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர்தான், ஆனால் அத்தனை வளைவில் குமட்டி வாந்தி எடுத்தால் அந்த முக்கலிலேயே ரத்தம் உடையும். ரத்தக் கசிவுக்கு முதல் நாளும், அப்புறம் ஐந்திலிருந்து பத்தாம் நாள் வரையும் கவனமான காலம். நடுராத்திரி மூக்கில் ரத்தம் கொட்டும்போது, மே மாத நெரிசலில் மலையிறங்குவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூக்கைத் தாங்க வைக்கும் ஸ்ப்ளின்ட் கட்டை எடுக்கும்வரை, முடிந்தால் பத்து நாள், கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். அறுவைக்கு முன் வலி மாத்திரை, ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள், சிலது ரத்தத்தை உறைய விடாது. கண்ணாடி போடுபவர் என்றால் நாலைந்து வாரத்துக்கு அதன் பாரம் மூக்கில் விழக் கூடாது, வழியை முன்பே யோசியுங்கள்.

சொட்டு மருந்தை நிறுத்தி ஆறு வாரம் ஆனதும், கன்னத்தை இழுத்துப் பார்த்ததிலும் ஸ்ட்ரிப் ஒட்டியதிலும் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஆபரேஷன் நோட்ஸ் கைக்கு வந்திருந்தால் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.

மூக்குத்தியைத் தாராளமாகப் போடலாம். பழைய துளை தூர்ந்து போகாமல் இருக்கிறது, அந்த இடத்தில் தோல் சிவப்போ வலியோ இல்லை என்றால் தடையில்லை. புதிதாக மட்டும் குத்த வேண்டாம். அழுத்திப் பிடிக்கும் வகையும் வேண்டாம், ஏற்கெனவே பலம் குறைந்த மடலை அது நெருக்கும். வலது பக்கத் துளை என்றால், முகூர்த்தம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். இடது பக்கம் என்றால் அதுவும் தேவையில்லை. அடுத்த மே மாதம் அறுவைக்குப் போகும்போது கழற்றிப் பாட்டியிடமே கொடுத்துவிட்டுப் போகலாம்.